அம்மா சைக்கிளால் விழுந்த கதை

அப்பாவோடு பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர், ஓய்வு பெறுகிற வருடம் தன்னுடைய பழைய காம்பிங் ட்ரெயிலரை விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா ஒருவரிடமும் கேட்காமல் அதை வாங்கிவிட்டார். நாங்கள் அப்போது ரொறன்ரோவில், வோபர்னில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராவது தளத்தில் இருந்தோம். இதை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டபோதுதான் அப்பாவுக்கு அந்த யோசனையே வந்தது. கடைசியில் அது அஜக்ஸில் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றது. பெரியம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை; அயலட்டை என்ன நினைக்கும் என்று ஒரு மாதம் பெரியப்பாவைப் போட்டு வறுத்தெடுத்தார். பெரியப்பாவோ வருகிறவர்களிடமெல்லாம், தம்பி வீடு வாங்கியிருக்கிறான், சக்கரம் பூட்டின வீடு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூடியிருக்கும்போது அது ஒரு பெரிய பெட்டி மாதிரித்தான் இருக்கும். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். முன்னும் பின்னும் இரண்டு கட்டில்களை இழுத்து விடலாம். சுற்றிவரக் கூடாரத் துணி, உள்ளே ஒரு சின்ன அடுப்பு, மடித்து வைக்கிற மேசை. முந்தின சொந்தக்காரர் வளர்த்த நாயின் மணமும் இலவசமாக வந்தது. நான் அதைப் போல அழகான ஒரு வீட்டை அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

புதிதாக எந்த வாகனம் வந்தாலும் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஓடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பாவின் வான் வண்டிக்குப் பின்னால் ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு போனோம். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு அதை ஒருதரம் சுற்றிவந்து, இதற்கு முகம் எந்தப் பக்கம் என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பொட்டு வைத்தார்கள். வானுக்கு நாலு எலுமிச்சம்பழம், ட்ரெயிலருக்கு இரண்டு. அப்பா முன்னுக்கு எடுத்து ஆறையும் நசித்துக்கொண்டு போனார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அதன் பிறகுதான் வெளியே போவதற்குப் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. ட்ரெயிலர் கொழுவிய வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தாராம். எந்த மறுபக்கம் என்பதை அப்பா மறந்துவிட்டார். கோயிலுக்கு வந்த நாலு பேர் நாலு பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தபோது அப்பாவின் சேர்ட் வேர்வையில் தோய்ந்திருந்தது.

சைக்கிள்கள் மூன்று. அண்ணாவுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. அப்பாவுக்கு யாரோ வீட்டு கராஜ் விற்பனையில் ஒன்று கிடைத்தது. எனக்கு மட்டும் புதிது: ஊதா நிறம், கியர் வைத்தது, மணி தனியாக வாங்கிப் பூட்டியது. மூன்றையும் வானின் கூரையில் ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். நாங்கள் நாலு பேர், சைக்கிள் மூன்று. இதை ஒருவரும் ஒரு கணக்காக எடுக்கவில்லை. அம்மா சமைப்பார் என்பது சொல்லாமலே தெரிந்த விஷயம். அம்மாவின் பங்காக ரைஸ் குக்கர், புட்டுப் பானை, தேங்காய் துருவுகிற பலகை, ஒரு பை சம்பா அரிசி, ஒரு சின்னப் பிள்ளையார் படம் எல்லாம் ஏறின. புறப்படுகிற நேரம் அம்மா வந்து என் சைக்கிள் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, பின் சில்லுக்குக் காற்றுக் காணாது என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. போய் இறங்கியபோது பின் சில்லில் காற்று இல்லாமல்தான் இருந்தது.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறி, பிறகு வடக்கே மூன்று மணித்தியாலம். பைன் மரங்களுக்குள் ஒரு ஏரி. ஏரியைச் சுற்றி மண் பாதை. பாதையின் இரண்டு பக்கமும் இலக்கம் போட்ட இடங்களில் ட்ரெயிலர்களும் கூடாரங்களும். எங்கள் இடத்துக்குள் ட்ரெயிலரைப் பின்னுக்கு விட வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை அப்பாவின் மரியாதைக்காக விட்டுவிடுகிறேன்.

ஒரு கிழமை நிற்பதாகத் திட்டம். காலையில் நாங்கள் மூவரும் சைக்கிளில் ஏரியைச் சுற்றப் போவோம். அம்மா புட்டு அவித்து வைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டு மறுபடி போவோம். திரும்பி வரும்போது அம்மா மடக்குக் கதிரையில் இருந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது ஓய்வு என்று நாங்கள் நினைத்தோம். வருடம் முழுக்க பேக்கரியில் நின்றபடி வேலை செய்கிறவர், இருக்கட்டுமே என்று அப்பா சொன்னதாகவும் ஞாபகம்.

பக்கத்து இடத்தில் யூனியன்வில்லில் இருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களுடைய ட்ரெயிலர் புதிது. சைக்கிள் நாலு, எல்லாம் ஒரே மாதிரி. அந்த வீட்டு அன்ரி தலைக்கவசமும் அரைக் கால்சட்டையுமாக முன்னால் ஓட, மற்றவர்கள் வாத்துக் குஞ்சு போலப் பின்னால் போவார்கள். அவர்களுடைய மகளுக்கு என் வயது. அவளை எப்படியாவது சிநேகிதியாக்கிவிட வேண்டும் என்று நான் தவம் கிடந்தேன். இரண்டாம் நாள் அவள் எங்கள் மேசைக்கு வந்து, உன்னுடைய அம்மா ஏன் சைக்கிள் ஓடுவதில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவருக்கு ஓடத் தெரியாது என்று நான் சொன்னேன். அம்மாவை நான் கேட்டதே கிடையாது. ஆனாலும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். அம்மா பக்கத்திலேயே குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு இன்னொருதரம் கழுவினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவும் அண்ணாவும் ஐஸ் வாங்க வானில் போயிருந்தார்கள். நான் சைக்கிளைத் துடைத்து, பக்கத்து இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். ஹாண்டிலைப் பிடித்தார். பிரேக்கை ஒருதரம் அமத்திப் பார்த்தார்.

“பிள்ளை, நான் ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?”

வேண்டாம் என்றேன். உங்களுக்கு உயரம் சரிவராது, சீற் பழுதாகிவிடும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உண்மையான காரணம், அம்மா நீளமான வீட்டுச் சட்டையும் பாட்டாச் செருப்பும் போட்டிருந்தார். அந்தப் பிள்ளை தங்கள் ட்ரெயிலர் படியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சுத்துத்தான். இந்தா வாறன்.”

சொல்லிக்கொண்டே சட்டையை ஒரு கையால் கூட்டிப் பிடித்து, ஒரு காலைப் பெடலில் வைத்து, மற்றக் காலால் இரண்டுதரம் நிலத்தை உந்தி, ஏறி இருந்து போயே போய்விட்டார். சைக்கிள் ஆடவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு கையை விட்டு, காற்றில் எழும்பிய சட்டையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டார். மணியை அடித்தார். எதிரே ஒருவரும் இல்லை, சும்மா அடித்தார். இவ்வளவையும் நான் என் கண்ணால் கண்டேன். பிறகு இந்தக் கதையைச் சொன்ன எந்தத் தடவையும் இந்தப் பகுதியை நான் சொல்லவில்லை.

படியில் இருந்தவள் எழுந்து நின்று பார்த்தாள். அவள் சிரிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நான் அம்மாவுக்குப் பின்னால் ஓடினேன். நில்லுங்கோ, அது என்ர சைக்கிள் என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் விளையாட்டுக்குத் துரத்துகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் மெதுவாக்கினார். அவர் பாதையின் இடது கரையோடு போனார். நானும் அதே கரையால் பத்தடி பின்னால் ஓடினேன். பாதை ஏரிப் பக்கம் வளைகிற இடத்தில் எதிரே ஒரு ரக் வந்தது, பின்னால் ஒரு ட்ரெயிலரையும் இழுத்துக்கொண்டு. கனடாவில் வாகனம் வருகிற பக்கத்தால்தான் அதுவும் வந்தது. நாங்கள்தான் அந்தப் பக்கத்தில் நின்றோம்.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பிரேக் கிறீச்சிட்டது. ஊதா நிறமாக ஒன்று பாதைக்குக் குறுக்கே பறந்தது. நான் கரையோரப் புல்லுக்குள் மல்லாந்து கிடந்தேன், எனக்கு மேலே அம்மா கிடந்தார். அம்மாவின் இரண்டு கையும் என் இரண்டு காதிலும் இருந்தன. அவ்வளவு இறுக்கமாக, காது நொந்தது. ரக் நின்றது. அது வந்த வேகத்துக்கு ஒரு ஆமை கூட முந்தியிருக்கும். ஆனால் நிற்பதற்குள் அதன் முன் சில்லு என் சைக்கிளின் முன் சில்லில் ஏறி, அதைப் பொரித்த அப்பளம் மாதிரி ஆக்கிவிட்டது. ஒரு வயதான மனிதர் இறங்கி வந்து, ஆருக்காவது அடிபட்டதா என்று கேட்டார்.

அம்மா உடனே எழும்பவில்லை. நான் அவரைத் தள்ளிவிட்டு எழும்பி ஓடினேன். அம்மாவின் முழங்கையில் இரத்தம் வந்ததைப் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன். நேரே சைக்கிளிடம் போய் அதைத் தூக்கினேன். இதை எழுதுவது எனக்கு இலேசாக இல்லை. பதினொரு வயது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. நான் முதலில் தூக்கியது சைக்கிளைத்தான்.

“ஓடத் தெரியாட்டி ஏன் எடுத்தனீங்கள்?”

சத்தம் கேட்டு ஓடிவந்த அந்தப் பிள்ளைக்கும் அவளுடைய அம்மாவுக்கும், ரக்கில் வந்தவருக்கும் முன்னால் அழுதுகொண்டு கேட்டேன். அம்மா ஒரு கையால் மற்றக் கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஓம் பிள்ளை. எனக்கு ஓடத் தெரியாது. பிழை என்னிலதான்.”

அப்பா வந்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒரு கிழமை நிற்க வந்தவர்கள் மறுநாளே கூடாரத்தைச் சுருட்டினோம். எனக்கு அது இன்னொரு ஆத்திரம். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன். ஆறு எலுமிச்சம்பழம் வைத்தும் இப்படியாகிவிட்டதே என்று அப்பா சொல்ல, சைக்கிளுக்கு வைக்கவில்லையே என்று அண்ணா சொன்னான். அதற்கு அம்மாவும் சிரித்தார். அடுத்த மாதம் என் சைக்கிளுக்குப் புதுச் சில்லு வந்தது. அடுத்த இரண்டு கோடைக்கும் அதே ட்ரெயிலரில் அதே ஏரிக்குப் போனோம். அப்போதும் சைக்கிள் மூன்றுதான். அம்மா அதன் பிறகு என் சைக்கிளைத் தொடவே இல்லை. ரயரை அமத்திப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

அது எங்கள் வீட்டில் ஒரு பகிடிக் கதையாக வளர்ந்தது. வளர்த்தது நான்தான். பிறந்தநாளா, பெரியப்பா வீட்டு விருந்தா, யாராவது ஒருவர், அந்த அம்மா சைக்கிளால் விழுந்த கதையைச் சொல்லு என்பார்கள். நான் எழுந்து நின்று நடித்துக் காட்டுவேன். அம்மா சட்டையைக் கூட்டிப் பிடிப்பது, சைக்கிள் இடமும் வலமுமாக ஆடுவது (அது நான் சேர்த்தது), இவ்வளவு பெரிய காட்டில் விழ வேறு இடம் கிடைக்காமல் என் மேலேயே வந்து விழுவது. கடைசியில் இரண்டு கையாலும் என் காதுகளைப் பிடித்துக்கொண்டு, “விழேக்கையும் ஹாண்டிலை விடேல்லை, என்ர காதை ஹாண்டில் எண்டு நினைச்சுப் பிடிச்சிருந்தவ” என்று முடிப்பேன். வீடு அதிரும். பெரியம்மாவுக்குக் கண்ணால் தண்ணீர் வரும். அம்மா வடைத் தட்டோடு நின்று எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். சைக்கிளில் இருந்து விழுகிறவர், பத்தடி பின்னால் ஓடிவருகிற பிள்ளையின் மேல் எப்படி விழுவார் என்று பதினைந்து வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் தம்பி, என் மாமா, புது வீடு குடிபூர்ந்தார். அம்மாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஒப்பரேஷன் முடிந்திருந்ததால் நான் மட்டும் போனேன். மாமாவின் மகள் பாடசாலைக்கு ஓடுகிற சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு காலை நேரம் கடைக்குப் புறப்பட்டேன். ஒழுங்கையால் வந்து பெரிய வீதியில் ஏறியதும் என் கை கனடாப் பழக்கத்தில் தானாக வலது பக்கம் போனது. எதிரே வந்த ஓட்டோக்காரர் பிரேக் போட்டு நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“தங்கச்சி, எந்தப் பக்கத்தால போறீர்?”

நான் காலை ஊன்றி நின்றேன். சைக்கிள் ஓடத் தெரிந்தவள்தான், வயது இருபத்தாறு, காரும் ஓடுகிறேன். ஆனால் பழகிய கை பழகிய பக்கத்துக்குப் போனது. நின்ற இடத்திலேயே எனக்கு அந்த ஏரிப் பாதையும் இடது கரையும் ஞாபகம் வந்தன. அம்மா அன்றைக்குத் தடுமாறவில்லை. தனக்குத் தெரிந்த வீதியில், தனக்குத் தெரிந்த பக்கத்தில் நேராகப் போயிருக்கிறார்.

மத்தியானம் சாப்பாட்டில் என் அசட்டுத்தனத்தை மாமாவுக்குச் சொன்னேன். சொன்ன வாயோடு அம்மாவின் கதையையும் எடுத்துவிட்டேன், வழக்கமான நடிப்போடு, காதைப் பிடித்துக் காட்டுவது வரைக்கும். மாமி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சைக்கிள் தெரியாது என்று உனக்கு ஆர் சொன்னது என்று கேட்டார். சண்டையால் பெற்றோல் வராத அந்த வருடங்களில் ஊரே சைக்கிளில் ஓடிய கதையைச் சொன்னார். அவருக்கு ஏழு வயது, அம்மாவுக்குப் பதினேழு. பாடசாலை மூன்று மைல். தினமும் அவரை முன் பாரில் இருத்தி உழக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அம்மா அங்கிருந்து ரியூசனுக்குப் போவாராம். ஒழுங்கையில் இருந்த பெண் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஓடப் பழக்கியதும் அவர்தானாம். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“குண்டு போட பொம்மர் வாற சத்தம் கேட்டால் உன்ர அம்மா சைக்கிளைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, என்னை ரோட்டோரக் கானுக்குள்ள தள்ளி மேல படுத்திடுவா. ரெண்டு கையாலயும் என்ர காதைப் பொத்துவா. தன்ர காதைப் பொத்த அவவுக்குக் கை இருக்காது.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாமி, என்ன பிள்ளை உறைக்குதோ என்று தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். ஓம் என்று சொல்லிக் குடித்தேன்.

திரும்பி ரொறன்ரோவுக்கு வந்த மறுநாள் அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். குளிர் தொடங்கினால் அந்த மணிக்கட்டு அவருக்கு நோகும், ஒரு துணிப் பட்டி போட்டிருப்பார். அம்மா, நீங்கள் அன்றைக்கு விழவில்லை என்றேன். எந்தக் கதை என்று அவர் கேட்கவில்லை.

“அதை விடு பிள்ளை. பிழையான பக்கத்தால உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே.”

இத்தனை வருடமும் அவர் எங்களோடு சேர்ந்து சிரித்தது, பிழை தன்னில் என்று நினைத்ததால்தான். நான் அழுதேன். உங்களுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். முழங்காலைத் தட்டிக் காட்டி, இனி என்னத்துக்கு என்று சொல்லிவிட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்தார்.

இப்போது அந்தக் கதையை நான் சொல்வதில்லை. கேட்கிறவர்களிடம் மறந்துபோய்விட்டது என்கிறேன். ஆனால் அந்தப் புல்லுக்குள் கிடந்தது மறக்கவில்லை. ரக் நின்றுவிட்டது. அந்த வயதானவர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தார். எழும்புங்கோ, எழும்புங்கோ என்று நான் அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அம்மா எழும்பவில்லை. என் காதுகளை விடாமல், தலையைக் கொஞ்சம் சரித்து மரங்களுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். மேலே ஒன்றும் இல்லை, வெறும் நீல வானம்தான். ஒன்றுமே இல்லாத வானத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறாரே, நசிந்து கிடக்கிற என் சைக்கிளை ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லையே என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.